குண்டு பல்பு தர்மம்

இரவு பதினொன்றரைக்கு மேல் என் போன் அடித்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை. அல்லது சிகாகோ நண்பனுக்கு மதிய சாப்பாட்டு நேரம்.

அன்றைக்கு இரண்டாவது காரணம்.

“டேய், ஒரு தர்மசங்கடம். பல்பு மாத்தலாமா, வேண்டாமா?”

“ஃப்யூஸ் போயிருந்தா மாத்து.”

“போகலைடா. நல்லா எரியுது. அதான் பிரச்னையே.”

என் தூக்கம் போய்விட்டது. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர்கள். அவன் அப்புறம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு விமானம் ஏறினான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் தத்துவக் கேள்வி இது. பல்பைப் பற்றியது என்றாலும் மரியாதை கொடுக்கத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். அவன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு பின்பால் மெஷின் இருக்கிறது. நம்மில் பலர் நிஜ பின்பால் மெஷினைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்கள், மேனேஜர் தலை மறைந்ததும் அதை ஆடியிருப்போம். ஸ்பேஸ் கேடட் என்று பெயர். கம்ப்யூட்டரோடு இலவச இணைப்பாக வரும். குண்டு மேலே போகும், முட்டும், மோதும், கீழே வரும். கீழே இருக்கும் இரண்டு துடுப்புகளால் அதைத் தட்டி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். விட்டால் போச்சு.

அதன் நிஜ உருவம், நூறு கிலோவுக்கு மேல் கனக்கும், கால் வைத்த ஒரு மரப்பெட்டி. சற்றே சரிந்த பலகை, எண்பது கிராம் ஸ்டீல் குண்டு, உள்ளே கிலோமீட்டர் கணக்கில் என்று சந்தேகப்படும்படி வயர். தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு பெட்டி. அதன் முகப்பில் படம் வரைந்த பெரிய கண்ணாடி. பின்னாலிருந்து பல்புகள் எரிய, படம் ஜொலிக்கும். தூரத்தில் பீர் குடித்துக்கொண்டிருப்பவனை “வா, வந்து காசு போடு” என்று கூப்பிடுவது அந்தக் கண்ணாடிதான்.

சிகாகோ இந்த விளையாட்டின் தாய்வீடு. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த ஊர்தான். துடுப்பு வந்ததே 1947-ல், காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி மெஷினில். அதற்கு முன்னால் குண்டு தன் இஷ்டத்துக்கு உருளும், மனிதன் வேடிக்கை பார்ப்பான். அதனால் ‘இது சூதாட்டம்’ என்று நியூயார்க் மேயர் லா கார்டியா 1942-ல் தடை போட்டு, மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். அந்தத் தடை 1976 வரை இருந்தது. ரோஜர் ஷார்ப் என்கிற பத்திரிகைக்காரர் நகர சபை உறுப்பினர்கள் முன்னால் ஆடிக் காட்டி, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அடித்த பிறகு இது திறமை ஆட்டம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் நம் தொழில்காரர் என்பதில் எனக்கு அற்பப் பெருமை.

நண்பனிடம் இருப்பது அதற்கு அடுத்த வருடம், 1977-ல் பாலி கம்பெனி வெளியிட்ட ‘எய்ட் பால்.’ பில்லியர்ட்ஸ் மேஜைதான் கதைக்களம். மொத்தம் 20,230 மெஷின்கள் செய்தார்கள். அந்தச் சாதனையை 1992-ல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ முறியடித்தது. அது 20,270. அதாவது, வெறும் நாற்பது பெட்டி வித்தியாசம். கணக்குப் படித்தவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் மறப்பதில்லை.

மெஷினை விற்றவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயது எண்பதுக்குப் பக்கம். மனைவி காலமான பிறகு, அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்து, சாமான்களைக் கழித்துக் கட்டியபோது நண்பனைக் கூப்பிட்டிருக்கிறார். சந்தை விலையில் பாதிகூட வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. “இருக்கறபடியே வெச்சுக்கோ. மாத்திடாதே.”

இவனும் சரியென்று கை கொடுத்துவிட்டான்.

இரண்டு வருடம் ஆயிற்று. போன மாதம் தலைப்பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ந்த பெயின்ட் கிடக்கிறது. கண்ணாடியில் அதே அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் இன்னும் சில இடங்களில் பெயின்ட் பொருக்குத் தட்டி நிற்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். நம் ஊரில் சுண்ணாம்பு அடித்த சுவர் மழைக்காலத்தில் உரியுமே, அந்த மாதிரி.

காரணம், பல்புதான். அந்தக் காலக் கண்ணாடிகளில் படத்தை உள்பக்கம் அடுக்கடுக்காக மை பூசி அச்சடித்திருப்பார்கள். அதற்கு ஒரு சாண்கூடத் தள்ளியில்லாமல் வரிசையாகக் குண்டு பல்புகள். சுண்டுவிரல் நுனி அளவுதான். 6.3 வோல்ட்டில் எரியும். பெயர் கிடையாது, ஜெயில் கைதி மாதிரி நம்பர்தான். 44-ம் நம்பர் பல்பு கால் ஆம்பியர் இழுக்கும். அதாவது, ஒன்றரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியே வரும், வெளிச்சம் சும்மா கொசுறு. மெஷினைப் போட்டால் கண்ணாடி சூடாகும், அணைத்தால் ஆறும். கண்ணாடி விரிகிற கணக்கு வேறு, மை விரிகிற கணக்கு வேறு. நாற்பது, ஐம்பது வருடம் இந்த இழுபறி நடந்தால் பெயின்ட் பிடியை விட்டுவிடும். பேஸ்மென்ட் ஈரம் வேறு அதற்குத் துணை.

அதே ஹோல்டரில் பொருந்துகிற எல்.இ.டி. பல்புகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. சூடு மிகக் குறைவு. மாற்றிவிட்டால் படம் பிழைக்கும்.

“அப்புறம் என்ன? மாத்திட வேண்டியதுதானே!” என்றேன்.

“மாத்த மாட்டேன்னு சொல்லியிருக்கேனே?”

அங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அவனுக்கு மூன்று வழிகள். ஒன்று, குண்டு பல்பையே எரியவிடுவது. வாக்கு பிழைக்கும், படம் சாகும். இரண்டாவது, மெஷினைப் போடாமலே மூடி வைப்பது. வாக்கும் பிழைக்கும், படமும் பிழைக்கும், ஆட்டம் செத்துவிடும். ஆடாத பின்பால் மெஷின் என்பது பெரிய சைஸ் டீப்பாய். மூன்றாவது, எல்.இ.டி. எல்லாம் பிழைக்கும், ஆனால் அது அதே மெஷின்தானா?

‘ஒரு பல்புக்கு இவ்வளவா?’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால், வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் தூக்கலாகத் தெரியும், நீலம் அடங்கிப்போகும். பளீர் வெள்ளை எல்.இ.டி.யில் கதை தலைகீழ். அப்புறம், குண்டு பல்பின் இழை சூடேறித்தான் எரியும், ஆறித்தான் அணையும். மெல்ல வந்து மெல்லப் போகும். எல்.இ.டி.க்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. டக்கென்று வரும், டக்கென்று போகும். மெஷினின் பொது விளக்குகள் ஏ.சி. கரண்ட்டில் ஓடுவதால், சாதாரண எல்.இ.டி. போட்டால் வினாடிக்கு 60 முறை அணைந்து எரியும். சும்மா பார்த்தால் தெரியாது. வேகமாக உருளும் குண்டு அந்த வெளிச்சத்தில் கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். குண்டு பல்பின் இழைக்கு அவ்வளவு சீக்கிரம் ஆறத் தெரியாது என்பதால் அங்கே அந்த வம்பு இல்லை.

எங்கள் பி.காம். பாடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஒரு மெஷினுக்குச் செய்த செலவு ரெவென்யூ செலவா, கேப்பிடல் செலவா? பழுது பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தால் ரெவென்யூ. இருப்பதைவிட மேம்படுத்தினால் கேப்பிடல். தேய்ந்த டயருக்கு புது டயர் ரெவென்யூ. லாரியையே வேறு மாதிரி மாற்றினால் கேப்பிடல். மூன்று மார்க்.

அப்படியானால் எல்.இ.டி. எந்தப் பக்கம்? பல்புக்குப் பதில் பல்பு என்று பார்த்தால் ரிப்பேர். வெளிச்சத்தின் குணமே வேறு என்று பார்த்தால் மாற்றம். பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் எழுதியிருப்போம். ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதும் வசதி அமைந்திருந்தால் மட்டும் ஒரே பதில்.

“அந்தக் காலத்துல அவங்களுக்கு வேற வழி இல்லைடா. இருந்ததைப் போட்டாங்க. எல்.இ.டி. இருந்திருந்தா அதைத்தான் போட்டிருப்பாங்க” என்றான்.

இது பாதி உண்மை. 1977-ல் எல்.இ.டி. இருந்தது. வெள்ளை வெளிச்சம் தருவது இல்லை. வெள்ளை வேண்டுமானால் நல்ல நீல எல்.இ.டி. வேண்டும். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆகவே, பாலி கம்பெனிக்காரர்கள் குண்டு பல்பைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதுதான் கிடைத்தது.

ஆனால், கிடைத்ததை வைத்து வேலை செய்தவனும் அதற்குள் நூறு விஷயங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறானே! நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று. 1957-ல் வந்த மாயாபஜாரின் தெலுங்குப் பதிப்பை 2010-ல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். அந்த கேமராமேன் கறுப்பு வெள்ளையை ஆசைப்பட்டு எடுத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும், எங்கே நிழல், எங்கே பளபளப்பு என்று ஒவ்வொரு விளக்கையும் கறுப்பு வெள்ளைக்காகத்தான் வைத்திருப்பார். பின்பால் ஓவியரும் அப்படித்தான். தன் சிவப்புக்குப் பின்னால் மஞ்சள் பல்பு எரியப்போகிறது என்று தெரிந்துதான் சிவப்பைக் கலக்கியிருப்பார். வேறு வழியில்லாமல் வந்ததுகூட, ஒருவன் அதை நம்பி வேலை செய்துவிட்டால் வேலையின் பகுதியாகிவிடுகிறது. ‘இருந்திருந்தா போட்டிருப்பாங்க’ என்று இறந்த காலத்தின் சார்பில் நாம் கையெழுத்துப் போட முடியாது.

சரி, அதற்காகப் படம் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? அதுவும் அந்த ஓவியருக்குச் செய்யும் மரியாதை இல்லையே!

இதே வழக்கு இன்னும் பெரிய கோர்ட்டில் நடந்திருக்கிறது. ரோமில், வாடிகனின் சிஸ்டைன் சேப்பலில். மைக்கேலாஞ்சலோ 1512-ல் முடித்த கூரை ஓவியத்தின் மேல் பல நூற்றாண்டு மெழுகுவத்திப் புகை படிந்து கறுத்துக்கிடந்தது. 1980-ல் சுத்தம் செய்ய ஆரம்பித்து, சுவர் ஓவியத்தையும் சேர்த்து 1994-ல் முடித்தார்கள். அழுக்குக்கு அடியிலிருந்து பச்சையும் ஆரஞ்சுமாக வண்ணங்கள் குதித்தன. ‘ஆஹா’ என்றது ஒரு கூட்டம். ‘ஐயோ, அழுக்கோடு சேர்த்து மைக்கேலாஞ்சலோ கடைசியாகத் தீட்டிய நிழல்களையும் துடைத்துவிட்டீர்களே’ என்றார்கள் சில அறிஞர்கள். இருபது வருடம் கழித்து, 2014-ல், அதே சேப்பலில் சுமார் 7,000 எல்.இ.டி. விளக்குகள் வைத்தார்கள்.

இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. துடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. விளக்கு பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். பழம்பொருள் பாதுகாக்கிறவர்கள் வைத்திருக்கும் முக்கியமான விதியே இதுதான். எதைச் செய்தாலும், நாளை உன்னைவிட விவரம் தெரிந்த ஒருவன் வந்து அதை நீக்க முடிகிற மாதிரி செய்.

இதை வைத்துப் பார்த்தால் நண்பனின் வழக்கு திடீரென்று திசை மாறுகிறது. எல்.இ.டி. பல்பை எப்போது வேண்டுமானாலும் திருகிக் கழற்றலாம். உதிர்ந்த பெயின்ட்டை ஒட்ட முடியாது. எதையுமே மாற்றாமல் சும்மா இருப்பதுதான் இங்கே திருத்தவே முடியாத மாற்றம்! சும்மா இருப்பவன் கை சுத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பாவின் பழைய வீட்டை ‘அப்படியே’ வைத்திருக்கிறேன் என்று பூட்டிப் போட்டு, கரையானுக்குத் தின்னக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

“அப்ப மாத்திடறேன். அவர் ‘இருக்கறபடியே’ன்னு சொன்னது படத்தையும் சேர்த்துத்தானே? படத்தைக் காப்பாத்தறதுக்குத்தானே மாத்தறேன்? நியாயமா பார்த்தா வாக்கைக் காப்பாத்தத்தான் பல்பை மாத்தறேன்.”

ரொம்ப அழகான வாதம். அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது. பெரியவர் ஒரு வாக்கியம் சொன்னார். அதற்கு அர்த்தம் என்ன என்று இப்போது முடிவு செய்கிறவன் யார்? அந்த அர்த்தத்தால் லாபம் அடையப்போகிறவன். இன்றைக்குப் படத்தைக் காப்பாற்ற எல்.இ.டி. நாளைக்கு எல்.இ.டி. பளிச்சென்று இருக்கிறதே என்று கலர் கலராக எல்.இ.டி. அதற்கும் ஒரு அர்த்தம் கிடைக்காமலா போகும்? கணக்கு எழுதுகிறவனே அதை ஆடிட் செய்யக் கூடாது என்று எங்களுக்கு மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். வாக்குக்கும் அதே சட்டம்தான். கொடுத்தவனே அதற்கு உரையும் எழுதக் கூடாது.

“அவர் உயிரோடதானே இருக்கார்?” என்றேன்.

“இருக்கார்.”

“போன் நம்பர் இருக்கா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“இருக்குடா. ஆனா, எப்படிக் கேக்கறது? வேண்டாம்னு சொல்லிட்டா?”

இதுதான் சமாச்சாரம். அவனுக்குத் தெரியாதது தர்மம் இல்லை. தர்மசங்கடம் என்று நாம் சொல்வதில் பாதி, கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்கிற பயம்தான். கடல் தாண்டி என்னைக் கேட்டான். ஏனென்றால், நான் வேண்டாம் என்று சொன்னால் மீறலாம். அவர் சொன்னால் மீற முடியாது. மனைவியிடம் கேட்காமல் நண்பர்களிடம் யோசனை கேட்கிறோமே, அதுவும் இந்த வகைதான்.

“வேண்டாம்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்குன்னுதானே கை கொடுத்தே? பேசிட்டு எனக்கு போன் பண்ணு. காலைல.”

அவனுக்குக் காலை. எனக்கு மறுபடி ராத்திரி.

மறுநாள் அவன் குரலே வேறு மாதிரி இருந்தது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். “பல்பா? அந்த மெஷினுக்கு நான் பெட்டி பெட்டியா பல்பு வாங்கி மாத்தியிருக்கேனே!” என்றாராம். அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. பழைய மெஷின்களை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி விற்பவர்கள் உண்டு. உயிரோடு இருப்பதைவிட உறுப்புகளுக்கு விலை அதிகம். தானும் மனைவியும் சாப்பிட்டு முடித்ததும் தினமும் இரண்டு ஆட்டம் போட்ட பெட்டி, துண்டு துண்டாகப் பார்சலில் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது.

ஆக, இந்த இரண்டு மாதமும் இவன் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர் கேட்காத ஒரு வாக்கை. அந்த இரண்டு மாதமும் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் பெரியவர் இன்னொன்றும் சொன்னாராம். “அந்த நீலமா அடிக்கிற வெள்ளை மட்டும் வேண்டாம். பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கும்.”

இந்த ஒரு வரி, என் மொத்த ஆராய்ச்சியையும்விட நன்றாக இருந்தது. அவருக்கு பல்பு முக்கியமில்லை. வெளிச்சம் முக்கியம். எது போகலாம், எது போகக் கூடாது என்று, அந்தப் பொருளோடு வாழ்ந்தவருக்குச் சட்டென்று தெரிந்திருக்கிறது.

நண்பன் கடைசியில் செய்தது இது. தலைப்பெட்டியில், கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி. ஏ.சி.யில் சிமிட்டாத ரகமாகத் தேடி வாங்கினான். ஆட்டப் பலகையில் குண்டு பல்பே. ஆனால், 44-க்குப் பதில் 47-ம் நம்பர். அது 0.15 ஆம்பியர்தான் இழுக்கும். சூடு நூற்றுக்கு நாற்பது குறையும். எண் போட்ட பந்துகளின் அடியில் எரியும் விளக்குகளில் எல்.இ.டி. போட்டால், அந்தக் காலத்து சர்க்யூட் இவ்வளவு குறைந்த கரண்ட்டுக்குப் பழகாமல் நடுங்கும். அதனால் அங்கே கை வைக்கவில்லை. உரிந்த பெயின்ட்டின் மேல் ஸ்ப்ரே அடித்து ஒட்டிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று மறுத்துவிட்டான். பாடம் ஏறியிருக்கிறது.

கழற்றிய பல்புகளை ஒரு டப்பாவில் போட்டு, மெஷினுக்குள்ளேயே வைத்திருக்கிறான். கூட ஒரு காகிதம். எந்தத் தேதியில் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், யாரைக் கேட்டு மாற்றினேன். அடுத்து வாங்குகிறவனுக்கு ஏமாற்றம் இருக்கக் கூடாது, வேண்டுமானால் பழையபடி திருகிக்கொள்ளட்டும் என்று. பேலன்ஸ் ஷீட்டின் கீழே குறிப்பு போடுவார்களே, அந்த மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினான். படம் நன்றாக இருந்தது. அந்த ஒரு ரூபாய் ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது.

“எல்லாம் சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான். இரு, காட்டறேன்.”

சுவிட்சை அணைத்தான். தலைப்பெட்டி சட்டென்று இருண்டது. கீழே ஆட்டப் பலகையில் பல்புகள் மஞ்சளிலிருந்து சிவப்பாகி, ஒரு கணம் தயங்கி, அப்புறம் அணைந்தன.

“பார்த்தியா?” என்றான்.

“பார்த்தேன்” என்றேன்.